பண்டிகைக்கு முன் புத்தகம், பண்டிகைக்குப் பின் பிள்ளையின் கதை: பள்ளி நூலகத்துக்கான முழுமையான வழிகாட்டி

பொங்கல் அன்று பள்ளிக்கூடம் இருக்காது. தீபாவளி அன்றும் இருக்காது. கொலுவும் சரஸ்வதி பூஜையும் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வந்துவிடும். கிறிஸ்துமஸ் அரையாண்டு விடுமுறையில் போய்விடும். சித்திரை முதல் நாள் வரும்போது முழு ஆண்டுத் தேர்வு நெருக்கடி. தமிழ்நாட்டில் ஒரு பள்ளி நூலகம் பண்டிகைகளைக் கொண்டாட நினைத்தால், அந்த நாளில் பிள்ளைகள் நூலகத்தில் இருக்க மாட்டார்கள் என்பதிலிருந்துதான் திட்டம் போட வேண்டும்.

இதைக் குறையாக நினைப்பதால்தான் பல பள்ளிகளில் விடுமுறைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக ஒரு விழா நடக்கிறது. வாசலில் இரண்டு கரும்பு, ஒரு பானை, பட்டுப்பாவாடை கட்டி வரச் சொன்ன பிள்ளைகள், நாலு போட்டோ. அவ்வளவுதான். புத்தகங்கள் பீரோவுக்குள் இருந்தபடியே இருக்கும். எனக்கு இந்த விடுமுறை ஒரு வசதியாகத்தான் தெரிகிறது. பண்டிகைக்கு முன்னால் இரண்டு வாரம் கிடைக்கிறது, அதில் வாசிக்கலாம். வாசித்த பிள்ளை வீட்டுக்குப் போய் அந்த நாளைக் கூர்ந்து பார்க்கும், பெரியவர்களிடம் கேள்வி கேட்கும். பள்ளி திறந்ததும் சொல்வதற்கு அதனிடம் சொந்தமாக ஒரு கதை இருக்கும். முன்னால் புத்தகம், பின்னால் பிள்ளையின் கதை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன.

முதல் படி: இருப்பதை வெளியே எடுங்கள்

பள்ளி திறக்கும் ஜூன் மாதமே இதற்குச் சரியான நேரம். நூலகர் பணியிடம் இல்லாத பள்ளிகளில் இந்தப் பொறுப்பு ஓர் ஆசிரியர் தலையில்தான் விழும். தனியாகச் செய்யாதீர்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

பண்டிகை, அறுவடை, ஊர்த் திருவிழா, நாட்டுப்புறக் கதை, சமையல், உடை, வீடு, விளையாட்டு, ஆறு, கடல் என்று எதைத் தொட்ட புத்தகமாக இருந்தாலும் தரையில் எடுத்துப் பரப்புங்கள். தலைப்பில் 'பொங்கல்' என்று இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாட்டுக்கும் ஒரு சிறுமிக்கும் உள்ள நட்பைச் சொல்லும் படக்கதைதான் மாட்டுப் பொங்கலுக்கு மிகப் பொருத்தமான புத்தகமாக இருக்கலாம். அரசுப் பள்ளி என்றால் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்தவை அவை. பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' பழைய இதழ்களும் எங்காவது கட்டிக் கிடக்கும். அவற்றையும் பிரித்துப் பாருங்கள். நல்ல கட்டுரைகளும் பாடல்களும் கிடைக்கும்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி பகுப்பு முறைப்படி அடுக்கும் நூலகத்தில் பண்டிகைகள் 394.26 என்ற எண்ணிலும் நாட்டுப்புறக் கதைகள் 398.2 என்ற எண்ணிலும் இருக்கும். பிள்ளைகள் எண்ணைப் பார்த்துத் தேட மாட்டார்கள். முதுகில் ஒரு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். தனி அலமாரி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பண்டிகைப் புத்தகங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டால் அந்தப் பருவத்தில் மட்டும்தான் அதை யாராவது திறப்பார்கள். நோன்பைப் பற்றிய கதையை ஜூலையில் ஒரு பிள்ளை தற்செயலாக எடுத்துப் படிப்பது ரொம்ப நல்ல விஷயம். அது மற்றக் கதைகளோடு கலந்தே இருக்கட்டும். பண்டிகை நெருங்கும்போது மட்டும் டேப்பைப் பார்த்து எடுத்து மேசையில் வைத்தால் போதும்.

இரண்டாம் படி: உங்கள் பள்ளியில் என்னென்ன வீடுகள் இருக்கின்றன?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. வகுப்பில் நின்றுகொண்டு 'ரம்ஜான் கொண்டாடுகிறவர்கள் கை தூக்குங்கள்' என்று கேட்காதீர்கள். அடுத்த நொடியே சில பிள்ளைகள் தனியாகத் தெரிவார்கள். நாற்பது பேருக்கு நடுவில் ஒரே ஒரு கை உயர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுங்கள். 'வருஷத்தில் எந்த நாளில் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதிக வேலை? அந்த நாளை வரையுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். பண்டிகை என்ற சொல்லே வேண்டாம். வரும் படங்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். தென் மாவட்டம் என்றால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வரும், சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வேன் பிடித்துப் போனது வரும். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை தேவாலயத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்தை வரையும். நாகப்பட்டினத்தில் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவும், ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் ஏறும் கொடியும் வரும். நீலகிரியில் படகர் வீட்டுப் பிள்ளை ஹெத்தையம்மன் பண்டிகையை வரையும். ஓசூரில் உகாதி, கன்னியாகுமரியில் ஓணம். காவிரிக் கரை ஊர்களில் ஆடிப்பெருக்குக்குச் சிறுவர்கள் இழுத்துப் போகும் குட்டிச் சப்பரம்.

திருப்பூர் போன்ற ஊர்களில் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, ஆற்றிலோ குளத்திலோ இடுப்பளவு நீரில் நிற்கும் அம்மாவை வரையலாம். அது சட் பூஜை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் மாலையில் மறையும் சூரியனுக்கும் மறுநாள் காலையில் உதிக்கும் சூரியனுக்கும் நன்றி சொல்லும் வழிபாடு. பொங்கலும் சூரியனுக்குத்தானே என்று நம் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆசிரியர் விளக்க வேண்டியதே இருக்காது.

இந்தத் தாள்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, எந்த நாளுக்கு நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று குறியுங்கள். 'இல்லை' என்ற பகுதிதான் நீளமாக இருக்கும். அச்சில் வந்த பண்டிகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்ற நான்கோடு நின்றுவிடுகின்றன. கொடையும் கந்தூரியும் அசனமும் புத்தகமாகக் கிடைப்பது அரிது. அந்த இடைவெளியைப் பின்னால் பிள்ளைகளே நிரப்பப்போகிறார்கள். அதனால் இந்தப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாம் படி: புத்தகம் சேர்ப்பது

பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகத்துக்கு, பள்ளியின் நிலையைப் பொறுத்து, ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க இடம் உண்டு. தலைமை ஆசிரியரிடம் போகும்போது இரண்டாம் படியில் செய்த பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 'எங்கள் பள்ளியில் இத்தனை வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இவர்களுக்கு ஒரு புத்தகம்கூட இல்லை' என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957இல் தொடங்கியவை. இரண்டிலும் விலை குறைவான படப் புத்தகங்கள் உண்டு. சென்னையில் தூலிகா இரு மொழிப் புத்தகங்களைப் போடுகிறது. தமிழ் நன்றாகத் தெரியாத, வேறு மொழி பேசும் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அவை பெரிய உதவி. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்' வரிசையில் மெல்லிய கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. இலவசமாக வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். அங்குள்ள கதைகள் திறந்த உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரை அப்படியே வைத்து அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழிலும் ஏராளமான கதைகள் உண்டு, வாசிப்பு நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. பண்டிகையைப் பற்றிப் பின்னணி தேடும் ஆசிரியருக்கு அது ஒரு சுரங்கம்.

நான்காம் படி: சலித்தெடுப்பது

எந்தப் பண்டிகைப் புத்தகத்தையும் முதலில் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். யார் சமைக்கிறார்கள்? யார் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் பெருக்குகிறார்கள்? எல்லாரும் ஒரே நிறமா? வீடு என்றால் மாடி வீடு மட்டும்தானா? பறை அடிக்கிறவர், பானை செய்கிறவர், கரும்பு வெட்டுகிறவர் முகத்தோடு வருகிறார்களா, இல்லை ஓரத்தில் முதுகு மட்டும் தெரிகிறதா? பொங்கல் என்பது உழைப்பின் பண்டிகை. அதைப் பற்றிய புத்தகத்தில் வயலில் வேலை செய்தவரைக் காணோம் என்றால் அதைப் பேசாமல் விட முடியாது. அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். 'இந்தப் படத்தில் யாரைக் காணோம்?' என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சரியாகச் சொல்லும்.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகளுக்கான புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். சில புத்தகங்களில் பிள்ளை தன்னைப் பார்க்கும், சிலவற்றில் மற்றவர் வாழ்க்கையைப் பார்க்கும். நம் நூலகங்களில் சில பிள்ளைகளுக்கு எல்லாமே கண்ணாடி, சிலருக்கு எல்லாமே சன்னல். ஒரு முஸ்லிம் சிறுவன் கதையில் வருவதே நாயகனுக்குப் பிரியாணி கொடுப்பதற்கு மட்டும்தான் என்றால், அந்தப் புத்தகத்தால் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? நோன்பு வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவது என்று யோசிக்கும் பிள்ளையின் கதை ஒன்று இருந்தால், எத்தனை விலையானாலும் முதலில் அதை வாங்குங்கள்.

இன்னொரு சோதனை, ஒரு பண்டிகைக்கு ஒரே காரணம்தான் என்று புத்தகம் சாதிக்கிறதா என்பது. தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் நரகாசுரன் கதையும் விடியற்காலை எண்ணெய்க் குளியலும். வட மாநிலங்களில் பல இடங்களில் அது ராமர் அயோத்தி திரும்பிய நாள். சமணர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். சீக்கியர்களுக்கு குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுபட்டதை நினைக்கும் நாள். தீபாவளி கொண்டாடாத தமிழ் வீடுகளும் உண்டு, அதற்கும் அவர்களுக்குக் காரணம் உண்டு. இவ்வளவையும் ஒரே புத்தகத்தில் தேடாதீர்கள். மூன்று நான்கு மெல்லிய புத்தகங்களை ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கூடவே ஒரு செய்தியையும் சொல்லுங்கள்: சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர் மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் இதே பேச்சைத் தொடங்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவராக இருக்கலாம். அவர் கை உழைப்பும் தீபாவளிக் கதையில் ஒரு பகுதிதான்.

தகவல் பிழைகளையும் பாருங்கள். ரம்ஜான் இன்ன மாதத்தில் வரும் என்று அடித்துச் சொல்லும் புத்தகம் தவறு. நிலவை வைத்துக் கணக்கிடும் ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

ஐந்தாம் படி: ஆண்டு அட்டவணை

எல்லாப் பண்டிகையையும் எடுத்துக்கொண்டால் எதுவும் நடக்காது. ஆண்டுக்கு நான்கு போதும். பெரிய பண்டிகை இரண்டு, உங்கள் ஊருக்கே உரியது ஒன்று, பள்ளியில் மிகக் குறைவான பிள்ளைகள் கொண்டாடுவது ஒன்று. நான்காவதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். ஆறு, நீர், மீன், படகு பற்றிய புத்தகங்களுக்கு நல்ல பருவம் அது. அதே மாதம் 12ஆம் தேதி நூலகர் நாள். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறோம். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பவை அவர் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு. மிகக் குறைவான பிள்ளைகள் கொண்டாடும் அந்த நான்காவது பண்டிகையை எடுப்பதும் அதற்காகத்தான். காலாண்டுத் தேர்வுக்கு முன் பொம்மைகள், கைவினை பற்றிய கதைகளை எடுங்கள். நவம்பர் 14 குழந்தைகள் நாளைத் தீபாவளிக்குப் பிந்தைய கதை நாளாக வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை தீபம் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வரும், கிறிஸ்துமஸ் டிசம்பரில். விளக்கு, நட்சத்திரம் என்று ஒளியை வைத்து இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஜனவரியில் பொங்கல். அதே நாட்களில் அசாமில் மாக் பிஹு, பஞ்சாபில் லோஹ்ரி, ஆந்திராவில் சங்கராந்தி. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். வேற்று மொழி பேசும் பிள்ளைகளின் கதைகளுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. பெருநாள்களை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்த்துக் குறியுங்கள்.

ஆறாம் படி: வாசிக்கும் பாடவேளை

நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். பெஞ்சை ஓரம் தள்ளிப் பாய் விரியுங்கள். புத்தகத்தை மார்புக்கு நேராக, படம் பிள்ளைகள் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் முந்தின நாளே இரண்டு தடவை வாசித்துப் பழகியிருக்க வேண்டும். அட்டையைக் காட்டி 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் 'சரி', 'தப்பு' என்று சொல்லாதீர்கள்.

முதல் வாசிப்பில் எங்கும் நிறுத்தாதீர்கள். கதையைக் கதையாகவே கேட்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு பண்பாட்டு விளக்கம் சொல்லும் ஆசிரியரால் கதை செத்துப்போகிறது. முடித்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். யாராவது ஒரு பிள்ளை 'எங்க ஆச்சி வீட்டுல இப்படி இல்ல டீச்சர்' என்று ஆரம்பிக்கும். அந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். அதைத் திருத்த வேண்டாம். 'அப்போ எப்படிச் செய்வாங்க?' என்று கேட்டுவிட்டு, கேட்டதைக் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் நின்று நின்று போகலாம். பானை பொங்கும் பக்கத்தில் அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது, கோலம் போட்டது யார், மாட்டின் கொம்புக்கு என்ன நிறம் என்று படத்துக்குள் தேட விடுங்கள்.

கேள்விகளில் கவனம் வேண்டும். 'உனக்கு என்ன டிரெஸ் எடுத்தாங்க?' என்ற கேள்வியை நூலகத்துக்குள் அனுமதிக்காதீர்கள். டிரெஸ் எடுக்க முடியாத வீடு இருக்கும். அப்புறம், அந்த வருஷம் ஒரு சாவு விழுந்த வீடும் இருக்கும். 'இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்ல' என்று ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொல்லும். அதற்கும் இடம் வைத்துத்தான் கேள்வியை அமைக்க வேண்டும். 'அன்றைக்கு உங்கள் வீட்டில் முதலில் எழுந்தது யார்?', 'அதிகமாக வேலை செய்தது யார்?', 'தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது இந்த நாள் எப்படி இருந்ததாம்?' இப்படிக் கேட்டால் கொண்டாடிய பிள்ளையும் பதில் சொல்லலாம், கொண்டாடாத பிள்ளையும் சொல்லலாம்.

ஒரு மதத்துக்கோ சாதிக்கோ ஒரு பிள்ளையைப் பிரதிநிதி ஆக்கிவிடாதீர்கள். 'நீ சொல்லு, உங்க ஆளுங்க ஏன் அப்படிச் செய்யறாங்க?' என்று கேட்டால் அது ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தாங்க முடியாத சுமை. தானாகச் சொன்னால் கேட்போம், இல்லாவிட்டால் புத்தகம் சொல்லட்டும். தேர் ஓடும் தெரு, ஓடாத தெரு என்ற பேச்சு சில ஊர்களில் தானாகவே எழும். மழுப்ப வேண்டாம். ஒரு பிள்ளை 'எங்க தெருவுக்குத் தேர் வராது' என்று சொன்னால், அது உண்மை என்று ஒப்புக்கொண்டு, அது நியாயமில்லை என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நியாயம் புரியும்.

வழிபாட்டை நூலகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு பண்டிகையைப் பற்றி வாசிப்பதும் பேசுவதும் எழுதுவதும் நம் வேலை. பூஜையும் ஜெபமும் துஆவும் வீட்டிலும் வழிபாட்டு இடத்திலும் நடக்கட்டும். பெற்றோர் யாராவது கேட்டால் இதை இப்படியே சொல்லலாம்.

ஏழாம் படி: விடுமுறைக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள்

இந்தப் படியில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, சேதாரத்துக்கு ஒரு சிறு பங்கை ஒதுக்கிவிட்டால் அந்தப் பயம் குறையும். அச்செடுத்த ஸ்டோரிவீவர் கதைகளில் தொடங்கலாம். தொலைந்தாலும் மறுபடி அச்செடுத்தால் போயிற்று.

துணிப்பையில் ஒரு புத்தகம், அதோடு ஒரு கேள்வி எழுதிய சீட்டு. ஒரே ஒரு கேள்விதான், அதையும் வீட்டுப்பாடம் மாதிரி எழுதி வரச் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு வந்தால் போதும். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பிள்ளை வாசித்துக் காட்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அக்கா வாசித்துக் காட்டுவாள்.

எட்டாம் படி: பிள்ளைகளின் புத்தகம்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். முதல் நாள் வாய்மொழியாகச் சொல்லட்டும், நாலு நாலு பேராக வட்டமாக உட்கார்ந்து. இரண்டாம் நாள் எழுதட்டும், வரையட்டும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல மூத்த பிள்ளை எழுதலாம். அப்படி எழுதும்போது ஒரு விதி: பிள்ளை சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். 'அப்பத்தா கொலவை போட்டுச்சு' என்றால் அப்படியே. பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றினால் அந்த அப்பத்தா காணாமல் போய்விடுவார். பொருள் புரியாத அளவுக்கு எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள். இந்தியோ ஒடியாவோ தெலுங்கோ உருதுவோ பேசும் வீடு என்றால், அதே பக்கத்தில் கீழே அந்த மொழியிலும் இரண்டு வரி அம்மாவோ அப்பாவோ எழுதித் தரட்டும்.

தைக்கும் முறை எளிது. நான்கு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பதினாறு பக்கம் கிடைக்கும். மேலே சார்ட் பேப்பரில் ஓர் அட்டை. மடிப்புக் கோட்டில் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. கோணி ஊசியில் கெட்டி நூலைக் கோத்து, உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே எடுங்கள். மேல் துளை வழியாக உள்ளே, உட்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே, மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூல் இரண்டு முனைக்கும் இடையில் வரும்படி இழுத்து முடிச்சுப் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் சில மாதத்தில் துருவேறிவிடும், நூல் நிற்கும். துளை போடும் வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

அட்டையில் எழுதியவர், வரைந்தவர், தைத்தவர் பெயர்கள் வர வேண்டும். இரண்டாம் படியில் வைத்திருந்த பட்டியலை இப்போது எடுங்கள். புத்தகமே இல்லாத நாட்களுக்கு முதலிடம் கொடுங்கள். கொடை பற்றி ஒன்று, கந்தூரி பற்றி ஒன்று, சட் பூஜை பற்றி ஒன்று என்று தொடங்கலாம். ஒரு தாத்தாவின் பேச்சிலிருந்து மட்டுமே ஒரு புத்தகம் வந்தாலும் சரி.

ஒன்பதாம் படி: பெரியவர்களை அழைப்பது

பிள்ளைகள் எழுதும்போது சில இடங்களில் தட்டுப்படும். அப்போதுதான் ஆச்சியையோ அப்பத்தாவையோ அம்மாச்சியையோ நன்னியையோ அழைக்க வேண்டும். கேள்வி கையில் இருக்கும்போது வருகிற விருந்தாளியிடம் கேட்க நிறைய இருக்கும். தினக்கூலிக்குப் போகிறவரை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரமோ பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளோ தோதாக இருக்கும். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். பாயில் உட்கார வைத்து, பக்கத்தில் அவர் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். பாடச் சொன்னால் கூச்சப்படுவார்கள். 'இந்தக் கோலத்தை எப்படி ஆரம்பிப்பீர்கள்?' என்று கேட்டால் கை தானாக ஓடும், பாட்டும் பின்னாலேயே வரும்.

போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். பிள்ளையின் முகத்தை வெளியே பகிர்வதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

பத்தாம் படி: பதிவேட்டில் ஏற்றுங்கள்

பிள்ளைகள் செய்த புத்தகத்தைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு வாரம் கழித்துக் கழற்றிப் போடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் எண் கொடுங்கள். முத்திரை குத்துங்கள். முதுகில் அதே வண்ண டேப் ஒட்டி, அச்சிட்ட புத்தகங்களுக்கு நடுவில் அடுக்குங்கள். ஆசிரியர் என்ற கட்டத்தில் பிள்ளையின் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதுங்கள். எழுதியவரையே கூப்பிட்டு அந்த வரியைக் காட்டுங்கள்.

முதல் பிரதியை நூலகத்திலேயே வைத்துக்கொண்டு, நகலெடுத்ததைத் தைத்துக் கடன் கொடுங்கள். எழுதிய பிள்ளைக்கு ஒரு நகல் வீட்டுக்குப் போகட்டும். கதை சொன்ன பெரியவருக்கு இன்னொரு நகல், அவர் பெயர் அட்டையில் இருக்கும்படி.